கப்பல் சீட்டை யார் வாங்குவது?

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் பலெர்மோவில் நண்பர் ஒருவரின் வீட்டில் இருபது பேர் வரையில் கூடியிருந்தோம். பேச்சு வழமைபோல ஊர்க் கோயில், பழைய மாணவர் சங்கம் என்று சுற்றிக் கடைசியில் ஒரு நல்ல விடயத்தில் வந்து நின்றது. இத்தாலியில் மருத்துவம் படித்து முடித்து இப்போது சத்திரசிகிச்சைப் பயிற்சியில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் சிலர், வடக்கில் ஏதாவதொரு ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு மூன்று மாதம் தொண்டு செய்ய விரும்புகிறார்கள். அவர்களுக்குப் பயணச் செலவைக் கொடுக்க ஒரு நிதி தொடங்கினால் என்ன? குடும்பத்துக்கு மாதம் பத்து யூரோ. விமான ரிக்கற்றும் தங்குமிடமும் எங்கள் பொறுப்பு, மிச்சம் அவர்கள் பொறுப்பு.

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. நான் மட்டும் "கொஞ்சம் யோசிப்பம்" என்றேன். "மாஸ்டர், நீங்கள் எதுக்குத்தான் உடனை ஓமெண்டு சொன்னனீங்கள்?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று நான் சொல்ல நினைத்ததை அந்தச் சிரிப்புக்குள் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த நிதி தொடங்கப்பட்டால் அதனால் பயன்பெறப்போகும் முதல் ஆட்களில் என் மகளும் ஒருத்தி. ஆகவே நான் பேசுவது நடுநிலையான பேச்சல்ல. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் என் வீட்டுக்குள்ளேதான் விழ வேண்டும்.

நான் வேலை செய்வது சியாகுல்லியில். பலெர்மோவின் தென்கிழக்கே மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். இத்தாலியர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது 1963 யூன் 30இல் ஒரு கார்க்குண்டு வெடித்துப் பொலிசாரும் இராணுவத்தினருமாக ஏழு பேர் இறந்த சம்பவம். அடுத்ததாகத்தான் இங்கே விளையும் மண்டரின் தோடம்பழம். மற்ற இடத்து மண்டரின்கள் முடிந்துபோன பிறகு, தை தொடக்கம் பங்குனி வரையில் பழுக்கும் பிந்திய இனம். நாங்கள் பெல்ற்றில் ஓடிவரும் பழத்தைத் தரம் பிரிக்கிறோம். கைக்கு வேலை இருக்கும், தலைக்கு இருக்காது. பத்து வருடத்துக்கு மேல் ஊரில் வரலாறு படிப்பித்தவனுக்கு அந்த எட்டு மணித்தியாலமும் ஒரு வகையில் வாசிகசாலைதான். இம்முறை மண்டரின் காலம் முழுவதும் நான் மானிப்பாயில் இருந்தேன்.

வைத்தியர்களைக் கப்பலேற்றி அந்நிய நாட்டுக்கு அனுப்ப ஊர் கூடிக் காசு சேர்ப்பது புதிய யோசனை அல்ல. அந்தக் காசில் வந்து இறங்கிய வைத்தியர்களை மிக முந்தியே கண்ட இடங்களில் ஒன்று எங்கள் யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்தில் கால் வைத்தது. 1819இல் நியூயோர்க்கில் நல்ல வருமானத்தோடு தொழில் செய்துகொண்டிருந்த ஜோன் ஸ்கடர் என்ற வைத்தியர் தொழிலை விட்டுக் கப்பலேறினார். 1820இல் பண்டத்தரிப்பில் வைத்தியம் தொடங்கினார். பின்னாளில் 1836இல் சென்னைக்குப் போனார். வேலூர் ஆஸ்பத்திரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. பண்டத்தரிப்பில் போட்ட விதை வேலூரில் மரமாயிற்று என்று நம் ஆட்கள் பெருமைப்படுவதுண்டு. அதைவிட முக்கியமான கேள்வி, அந்த மரம் ஏன் பண்டத்தரிப்பில் நிற்கவில்லை என்பது. அதற்கு இப்போது போகவில்லை.

இவர்களுடைய கப்பல் சீட்டுக்கான பணம் நியூ இங்கிலாந்துத் தேவாலயங்களின் உண்டியல்களிலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை, பெண்கள் சங்கங்களின் சேமிப்பு, பிள்ளைகள் போட்ட சில்லறை. நாங்கள் மாதம் பத்து யூரோ சேர்க்கப்போகிறோமே, கிட்டத்தட்ட அதே மாதிரி. இன்னுமொரு ஒற்றுமையும் உண்டு. 1820இல் இதே மிஷனுக்கு அச்சு வேலை செய்ய வந்த ஜேம்ஸ் கரெற் என்பவரை இலங்கையில் தங்கக்கூடாது என்று ஆளுநர் பார்ன்ஸ் திருப்பி அனுப்பினார். அமெரிக்கர்களுக்கும் ஒரு காலத்தில் விசாப் பிரச்சினை இருந்தது. அதுவும் எங்கள் ஊரில்!

சாமுவேல் பிஸ்க் கிறீன் வந்தது 1847இல். அவர் 1822இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரர் நகரில் பிறந்தவர். ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே வருடம். நியூயோர்க்கில் படித்து 1845இல் வைத்தியரானவர். இரண்டு வருடம் கழித்து வட்டுக்கோட்டைக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்துகூட நிறையவில்லை. இன்றைய கணக்கில் அவர் ஒரு பயிற்சி வைத்தியர். எங்கள் பிள்ளைகளின் வயது. அடுத்த வருடம் மானிப்பாய்க்கு இடம் மாறினார். 1857இல் ஊர் திரும்பி, 1862இல் மணம் முடித்து மறுபடியும் வந்து, 1873இல் கடைசியாகப் புறப்பட்டார். இரண்டு முறை வந்தார், இரண்டு முறை போனார். மிஷன் அவருக்காகச் செலவழித்த கப்பல் காசு அவ்வளவுதான்.

அந்தக் காசு என்னவாயிற்று என்பதுதான் கதை.

மானிப்பாய்க்கு வந்த கையோடு 1848இலேயே அவர் உள்ளூர் இளைஞர்களுக்கு வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி வந்தது 1870இல்தான் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் போகும்போது அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்று வெளியே வந்திருந்தார்கள். தொடக்கத்தில் படிப்பித்தது ஆங்கிலத்தில். 1860களில், இரண்டாவது முறை வந்தபின், தமிழுக்கு மாறினார். முப்பதுக்கு மேற்பட்டோர் முழுக்கத் தமிழில் படித்து வைத்தியரானார்கள்.

ஏன் மாறினார்? தமிழ்ப் பற்று என்று நாங்கள் மேடைகளில் சொல்லிவிடுகிறோம். பற்று இருந்தது உண்மை. தமிழர்கள் நடையுடையில் வெள்ளைக்காரராவதை அவர் விரும்பியதில்லை. ஆனால் அடிப்படைக் காரணம் வேறு. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியிடங்களுக்குப் போனார்கள். கிராமத்தில் நிற்கவில்லை. தமிழில் படித்தவன் தமிழ்க் கிராமத்தில்தான் பிழைக்க முடியும், ஆகவே அங்கேயே நிற்பான் என்பது அவருடைய கணக்கு. இதைக் கொஞ்சம் இரக்கமற்ற கணக்கு என்றும் சொல்லலாம். படித்தவன் போகும் கதவைச் சாத்திவைக்கும் கணக்கு. நானே ஒரு கதவால் வெளியே வந்தவன் என்பதால் இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொஞ்சம் உறுத்தும்.

தமிழில் படிப்பிக்க நூல் வேண்டும். கட்டர் என்பவரின் உடற்கூற்று நூல் 1857இல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' ஆயிற்று. தலைப்பைச் சொல்லி முடிக்கவே மூச்சு வாங்கும், ஆனால் அனற்றமி, பிசியோலொஜி, சுகாதாரம் மூன்றுக்கும் அதற்குள்ளே மூன்று சொற்கள் இருக்கின்றன. அதே காலத்தில் 'பிரசவ வைத்தியம்'. 1867இல் சத்திரசிகிச்சைக்கு 'இரண வைத்தியம்'. இது இங்கிலாந்தில் அப்போது மாணவர்கள் கையில் வைத்திருந்த ட்ரூயிற் என்பவரின் சத்திரசிகிச்சைக் கைநூல். 1872இல் கிரேயின் உடற்கூற்றியல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று வந்தது. அந்த வருடத்திலேயே 'வைத்தியாகரம்'. 1875இல் 'கெமிஸ்தம்'. இவற்றை அவர் தனியே செய்யவில்லை. சாப்மன், டன்வர்த் என்று அமெரிக்கப் பெயர் தாங்கிய அவருடைய தமிழ் மாணவர்கள்தான் மொழிபெயர்ப்பின் பெரும் பாரத்தைச் சுமந்தார்கள். 1873இல் ஊருக்குப் போன பின்னும் அவர் இந்த வேலையை விடவில்லை. கையெழுத்துப் பிரதிகள் கப்பல் தபாலில் யாழ்ப்பாணத்துக்கும் வூஸ்ரருக்கும் இடையில் போய்வந்தன. 1884இல் இறந்தார். தமிழர்களுக்கு வைத்தியத் தொண்டு செய்தவர் என்று தன் கல்லறையில் பொறிக்கச் சொல்லியிருந்தார், அப்படியே பொறித்திருக்கிறார்கள்.

இதுவரை எழுதியதைப் பார்த்துவிட்டு நான் மிஷனரிகளுக்குப் பல்லாண்டு பாடுகிறேன் என்று சில நண்பர்கள் அடுத்த இதழில் எழுதக்கூடும். அவர்களுக்கு வேலை குறைய நானே சொல்லிவிடுகிறேன். மானிப்பாயில் மருந்தோடு வேதமும் வந்தது. மிஷன் பாடசாலைகளில் பிள்ளைகளின் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளிகள் அந்தப் பிள்ளைகளுக்குத் தாங்கள் விரும்பிய பெயரை வைத்தார்கள். சாப்மனும் டன்வர்த்தும் இந்த வழக்கத்தின் எச்சங்கள்தான். பணம் கொடுத்தவனின் பெயரை வாங்கியவன் ஆயுள் முழுக்கச் சுமந்தான். வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள் மிகப் பெரும்பாலும் வேளாளர். அந்த வட்டத்திலிருந்துதான் வைத்திய மாணவர்களும் வந்தார்கள் என்பதால் 'கிராமத்துக்குத் திரும்பிய வைத்தியன்' எந்தக் கிராமத்துக்கு, எந்தத் தெருவுக்குத் திரும்பினான் என்ற கேள்வி இருக்கவே செய்கிறது. பெண்கள் அந்த வகுப்பில் இல்லை. பெண்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி இணுவிலில் வர 1898 ஆயிற்று. கிறீன் போனபின் தமிழ்வழி வகுப்பும் நெடுங்காலம் நீடிக்கவில்லை. அரசாங்கத்தின் மொழி ஆங்கிலம், கொழும்புக் கல்லூரியின் மொழி ஆங்கிலம், அத்தோடு கதை முடிந்தது.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. அந்த உண்டியல் காசில் கப்பலேறியவன் ஒருவன். அவனிடம் கற்றவர்கள் அறுபது பேர். காசு ஒருவனை ஏற்றிக்கொண்டு போய் அங்கே அறுபதாகப் பிரிந்தது.

இந்தியாவிலும் ஒரு கதை உண்டு. 1938இல் ஜப்பான் சீனாவுக்குள் நுழைந்திருந்த நேரம், செஞ்சேனைத் தளபதி சூ தே உதவி கேட்டு நேருவுக்கு எழுதினார். காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஸ் சந்திரபோஸ் வேண்டுகோள் விடுத்தார். யூலை 7 முதல் 9 வரை நாடெங்கும் நிதி திரட்டினார்கள். சேர்ந்தது 22,000 ரூபா. அந்தக் காசில் ஓர் அம்புலன்ஸ் வண்டியும் ஐந்து வைத்தியர்களும் செப்டெம்பர் 1ஆம் திகதி பம்பாயிலிருந்து கப்பலேறினார்கள். தலைவர் அடல் முந்தியே ஸ்பெயின் யுத்தத்துக்குப் போய்வந்தவர். சோல்கர், முகர்ஜி, பாசு, கடைசியாக சோலாப்பூர்க்காரர் துவாரகாநாத் கோட்னிஸ். கோட்னிஸுக்கு அப்போது இருபத்தெட்டு நிறையவில்லை. பம்பாயில் படித்து முடித்து மேற்படிப்புக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த பிள்ளை. அடிமைப்பட்ட ஒரு நாடு, தன் வைத்தியசாலைகளிலேயே ஆளில்லாத நாடு, இன்னொரு நாட்டுக்கு வைத்தியரை அனுப்பியது. இதைவிடப் பெருமைப்படத்தக்க பயண மானியத்தை நான் அறியேன்.

மற்றவர்களில் பலர் திரும்ப, கோட்னிஸ் நின்றார். சீன மொழியைப் பேசவும் எழுதவும் படித்தார். 1939 நவம்பரில் கனேடிய சத்திரசிகிச்சை வைத்தியர் நோர்மன் பெதூன் விரல் வெட்டுக் காயத்தில் நஞ்சேறி இறந்தார். அவர் பெயரால் அமைந்த ஆஸ்பத்திரிக்கு 1941இல் கோட்னிஸ் பொறுப்பாளரானார். சீன மாணவர்களுக்குச் சீன மொழியிலேயே படிப்பித்தார். அங்கே தாதியாக வேலை செய்த குவோ சிங்லானை மணந்தார். 1942 டிசெம்பர் 9இல், மகன் பிறந்து சில மாதத்தில், வலிப்பு நோயில் இறந்தார். வயது 32. நான்கு வருடம் நின்றதாலும் மொழி படித்ததாலும்தான் அவர் பெயரைச் சீனக் கிராமங்கள் ஞாபகம் வைத்திருக்கின்றன. மூன்று மாதத்தில் திரும்பியிருந்தால் அவர் பெயர் பம்பாய்ப் பத்திரிகைகளில் மட்டும் இருந்திருக்கும். வெறும் 'போய்வந்தவர்' என்று.

சத்திரசிகிச்சைக்காரன் வெளியூர் போனால் அவன் கொடுப்பவன், அந்த ஊர் வாங்குவது என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். வரலாறு பல இடங்களில் அதைத் தலைகீழாகக் காட்டுகிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரித்தானியப் படையோடு வேலை செய்த கவாஸ்ஜி என்ற வண்டிக்காரனின் மூக்கைத் திப்புவின் ஆட்கள் அறுத்துவிட்டார்கள். பூனாவுக்கு அருகில் செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர், நெற்றித் தோலை இறக்கி அவனுக்குப் புதிய மூக்கு வைத்துக் கொடுத்தார். இரண்டு பிரித்தானிய வைத்தியர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். 1794இல் லண்டன் சஞ்சிகையொன்றில் அது வெளியாயிற்று. அதைப் படித்த கார்ப்யூ என்ற லண்டன் சத்திரசிகிச்சை வைத்தியர் 1814இல் அதே முறையில் செய்து காட்டினார். கார்ப்யூவின் பெயர் சத்திரசிகிச்சை வரலாற்றில் இருக்கிறது. மூக்கு வைத்தவரின் பெயர் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் பயிற்சி பெற்றார்கள், பயிற்சி கொடுத்தவர் செங்கல் சூளைக்குத் திரும்பிப் போனார்.

இதை எனக்கு முதலில் சொன்னது எந்தப் புத்தகமும் அல்ல. மந்திகை ஆஸ்பத்திரியில், அதாவது பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையில், சத்திரசிகிச்சை அறையில் சிற்றூழியராக இருந்த என் பெரியம்மாவின் மகன் சொன்னார். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 1986இல் இலங்கைக்கு வந்தது. யுத்த காலத்தில் மந்திகையிலும் அவர்களுடைய வைத்தியர்கள் வேலை செய்தார்கள். மின்சாரம் இல்லாத, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருடங்கள். அவர்கள் அப்போது வந்திராவிட்டால் இன்று உயிரோடு இருக்க மாட்டார்கள் என்று சொல்லத்தக்க பலரை நான் அறிவேன். என் மாமா ஒருவர் அவர்களில் ஒருவர். ஆகவே அவர்களைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை.

அண்ணை சொன்னது வேறு. "வாறவை நல்ல பிள்ளையள். ஆனால் மூண்டு மாதத்துக்கு ஒருக்கால் ஆள் மாறும். ஒவ்வொருத்தருக்கும் முதலாம் கிழமை நாங்கள்தான் பாடம் எடுக்கிறது. ஷெல் காயம் எப்பிடி இருக்கும், எங்கை என்ன சாமான் இருக்கு, எது முடிஞ்சு போச்சு, என்னத்தை வைச்சுச் சமாளிக்கலாம் எண்டு. அவர் படிச்சு முடிய அவருக்குப் பிளேன்." கோபத்தோடு அல்ல, ஒரு பகிடியாகத்தான் சொன்னார். அந்தத் தியேட்டரில் இருந்த நேர்ஸ்மாரும் அவரும் எத்தனை நாட்டு இளம் வைத்தியர்களைப் பயிற்றுவித்தார்கள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. அவருக்கு ஒரு சான்றிதழும் இல்லை. 'சிற்றூழியர்' என்ற பெயரோடுதான் ஓய்வு பெற்றார்.

வெளியிலிருந்து வந்தவர்களைப் பற்றியே பேசுகிறேன். போய்த் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். ராஜினி திராணகம 1983இல் கொமன்வெல்த் புலமைப்பரிசிலில் லிவர்பூலுக்குப் போனார். அங்கேயே தங்கியிருக்க எல்லா வசதியும் எல்லாக் காரணமும் அவருக்கு இருந்தது. திரும்பி வந்து யாழ் மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் படிப்பித்தார். கிறீன் தமிழில் எழுத வைத்த அதே பாடம். 1978இல் தொடங்கிய அந்தப் பீடம் ஆசிரியர் இல்லாமல் தத்தளித்துக்கொண்டிருந்த காலம் அது. 1987 ஒக்டோபர் 21, 22இல் இந்தியப் படை யாழ் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் ஊழியர்களையும் வைத்தியர்களையும் கொன்றது. கையை உயர்த்திக்கொண்டு முன்னே வந்த குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரமும் சுடப்பட்டார். 'முறிந்த பனை'யை எழுதிய நால்வரில் ஒருவராக ராஜினி அந்தக் காலத்தைப் பதிவு செய்தார். 1989 செப்டெம்பர் 21இல் மருத்துவபீடத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பயண மானியத்தில் போய்த் திரும்பி வந்ததற்கு எங்கள் சமூகம் கொடுத்த வரவேற்பு இது. இதை எழுதாமல் இந்தப் பொருளைப் பற்றி எழுதுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

எனக்கும் ஒருமுறை ஒரு பயண மானியம் கிடைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1990களின் கடைசியில், இந்தியாவில் ஒரு கருத்தரங்குக்கு. அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வர வேண்டுமானால் அனுமதி எடுத்துக் கப்பலில் திருகோணமலைக்கு வர வேண்டும். கப்பலுக்கு முறை வரக் காத்திருக்க வேண்டும். என் முறை வந்தபோது கருத்தரங்கு முடிந்து ஒன்பது நாள். அழைத்தவர்கள் நல்லவர்கள். மானியக் காசைத் திருப்பித் தர வேண்டாம் என்று எழுதினார்கள். அதில் ஒரு சைக்கிள் வாங்கினேன்.

இப்போது உலகத்தில் இந்த விடயம் எப்படி இருக்கிறது? 2015இல் லான்செற் மருத்துவ சஞ்சிகை நியமித்த ஆணைக்குழு ஒன்று கணக்குப் பார்த்தது. உலகில் 500 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான சத்திரசிகிச்சை வேண்டிய நேரத்தில் கட்டுப்படியாகும் செலவில் கிடைப்பதில்லை என்றது. ஆண்டுக்கு இன்னும் 14 கோடியே 30 இலட்சம் சத்திரசிகிச்சைகள் வேண்டும் என்றது. இதைப் போய்வரும் ஆட்களால் செய்து முடிக்க முடியாது என்பது எண்ணைப் பார்த்தாலே விளங்கும். ஆனாலும் பயண மானியங்கள் இருக்கின்றன, பணக்கார நாடுகளின் சத்திரசிகிச்சைச் சங்கங்கள் அவற்றைப் பயிற்சி வைத்தியர்களுக்குக் கொடுக்கின்றன. மிதக்கும் ஆஸ்பத்திரிக் கப்பல்கள்கூட இருக்கின்றன. மெர்சி ஷிப்ஸ் அமைப்பின் முதற் கப்பல் 1978இல் வாங்கப்பட்டது. அது இத்தாலிக் கப்பல், 'விக்டோரியா' என்ற பெயரில் 1953 முதல் ஆசியாவுக்குப் பயணிகளை ஏற்றிப் போய்வந்தது. கடைசியில் 2007இல் குஜராத்தின் அலாங் கரையில் உடைக்கப்பட்டது. எங்கள் கடலில் ஓடி, ஆஸ்பத்திரியாகி, எங்கள் கரைப்பக்கமே வந்து இரும்பாயிற்று.

அந்த மானியங்களின் விண்ணப்பத்தில் பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி, இந்தப் பயணத்தில் நீங்கள் என்ன கற்பீர்கள் என்பது. திரும்பியதும் ஓர் அறிக்கை. படம் இரண்டு. மந்திகை அண்ணையின் தரப்பிலிருந்து ஓர் அறிக்கை கேட்ட மானியத்தை நான் கண்டதில்லை.

தூரத்துக்குப் போவதுதான் தொண்டு என்ற எண்ணத்துக்கு எதிராகப் பலெர்மோவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஜீனோ ஸ்ராடா என்ற மிலான் பக்கத்துச் சத்திரசிகிச்சை வைத்தியர், 2021இல் காலமானவர், 1994இல் எமர்ஜென்சி என்ற அமைப்பைத் தொடங்கியது யுத்த நாடுகளில் காயம்பட்டவர்களுக்காக. 2006இல் அதே அமைப்பு பலெர்மோவில் ஒரு மருத்துவ நிலையம் திறந்தது. யாருக்காக? எங்களுக்காக. குடியேறிகளுக்காக. பத்திரம் இல்லாதவன், மொழி தெரியாதவன், ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தவன், இவர்கள் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருந்தார்கள்.

எனவே என் யோசனையைக் கூட்டத்துக்கு எழுத்தில் வைக்கிறேன். நிதி தொடங்கட்டும். நானும் பத்து யூரோ தருகிறேன். ஆனால் அதில் பாதிக்கு மேல் அங்கே நிற்பவர்களுக்குப் போக வேண்டும். இலங்கையில் நிபுணராக வருபவர் வெளிநாட்டில் ஒரு காலம் பயிற்சி எடுக்க வேண்டும் என்பது விதி. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு போனவர்கள் பலர் திரும்பவில்லை. நான் குறை சொல்ல மாட்டேன், எந்த முகத்தோடு சொல்வது? ஆனால் சத்திரசிகிச்சை அறை நேர்ஸ், மயக்க மருந்துக்கு உதவுபவர், கருவிகளைத் துப்புரவாக்குபவர், இவர்களுக்கு எந்த மானியமும் இல்லை. அவர்கள்தான் நிற்கிறார்கள். கொழும்பிலோ வேலூரிலோ ஆறு கிழமைப் பயிற்சிக்கு அவர்களில் ஒருவரை அனுப்ப ஆகும் செலவு, இங்கிருந்து ஒருவரை அனுப்பும் செலவை விடக் கூடாது என்றே நினைக்கிறேன். அந்த ஆறு கிழமையும் அவருடைய வீட்டுக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும், பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் தாய் அவர்.

இங்கிருந்து போகிறவர்கள் பற்றியும் சில. ஆண்டுக்கு ஓர் ஆஸ்பத்திரி என்று மாற்றிக்கொண்டிராமல் ஒரே ஆஸ்பத்திரிக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். மருத்துவச் சபையின் தற்காலிகப் பதிவு இல்லாமல் கத்தியைத் தொடக்கூடாது. இங்கே மேற்பார்வையாளர் செய்யவிடாத சிகிச்சையை அங்கே செய்யக்கூடாது, ஏழையின் வயிறு பயிற்சிக் கொப்பியல்ல. போகும் முன் ஆறு மாதம் தமிழ் படிக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், சரி. "நோ எங்கை?" என்று கேட்பார்கள். ஆனால் அந்தக் கிழவி "நாரிக்குள்ளை கொழுவிப் பிடிக்குது, அடி வயித்தாலை ஒரு உளைவு" என்று சொல்லும்போது என்ன செய்வார்கள்?

இதையெல்லாம் கூட்டத்துக்கு முன்னம் மகளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "எல்லாம் சரி அப்பா. ஆனால் கிறீன் வந்த முதல் வருசம் அவருக்கும் தமிழ் தெரியாதுதானே? அவரை அண்டைக்கு ஆரும் மறிச்சிருந்தால்? நான் போய்ப் பாக்காமல் அங்கை நிக்கிறதா இல்லையா எண்டு எப்பிடி முடிவெடுக்கிறது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நிற்கக்கூடும் என்ற நினைப்பு அவளுக்கு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவளுடைய தாய் அன்றிரவு சாப்பிடவில்லை. 2008இல் இந்தப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தது எதற்கு என்று என்னைக் கேட்டாள், அந்தக் கேள்வியும் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இல்லை.

இப்போது வேலை முடிந்து வந்ததும் நானும் மகளும் ஒரு கொப்பியில் சொற்கள் எழுதுகிறோம். அவள் இத்தாலியச் சொல்லைச் சொல்வாள், நான் ஊர்ச் சொல்லையும் புத்தகச் சொல்லையும் எழுதுவேன். குடலிறக்கம், பவுத்திரம், சீழ்க்கட்டு, எலும்பு முறிவு, சுளுக்கு. சிலவற்றுக்கு எனக்கே தெரியாமல் மந்திகை அண்ணைக்கு ரெலிபோன் எடுக்கிறோம். அவர் சந்தோசமாகச் சொல்லுகிறார், சொல்லை விட்டுக் கதைக்குப் போய்விடுகிறார். அவள் அதையும் எழுதுகிறாள்.

அடுத்த கூட்டம் பங்குனி இரண்டாம் ஞாயிறு. மண்டரின் இன்னும் முடியவில்லை, ஞாயிறும் அரை நாள் வேலை இருக்கும். நான் வரப் பிந்தினால் தொடங்கிவிடுங்கள்.